அமைதி மண்டலத்தில் ஒரு கதவு

நிலநடுக்கம் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தீர்மானிப்பதற்கு ஒரு துறை இருந்தது. வருமா வராதா என்று கண்டுபிடிப்பதற்கு அல்ல, தீர்மானிப்பதற்கு. இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு அங்கே வேலை கிடைக்காது. புரிந்து சேர்ந்தவர்கள் ஓய்வு பெறும்வரை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. மூன்று மாடிக் கட்டடம். வரவேற்பறைச் சுவர் முழுக்க நாட்டின் வரைபடம். அதில் சிவப்பாக இருக்கும் இடங்கள் நடுங்கும். மஞ்சளாக இருப்பவை எப்போதாவது நடுங்கும். பச்சை, அமைதி மண்டலம். அங்கே நடுங்காது. நடுங்கினால் அது வேறு ஏதாவது. துறையின் தலைமை அலுவலகம் இருந்த ஊர் நல்ல கரும்பச்சையில் இருந்தது.

அந்த அலுவலகத்தின் அடித்தளத்தில் பதிவறை. பதிவறையின் மூலையில் ஒரு பழைய கழிவறை. அதில் ஒரு குழாய் நாலு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாலு மாதமும் அது ஒழுகவில்லை என்றுதான் பதில் எழுதினார்கள். கோப்புகள் நனையத் தொடங்கியதும், இனி எழுத முடியாது என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள்.

குழாய்க்காரர் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்க் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். சாதுவான மனுஷன். யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார். வாசலில் காவலாளி அவருடைய பையைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் என்ன?"

"ரிப்பேர் சாமான் சார். ரம்பம், சுத்தியல், உளி, ரெண்டு ஸ்பேனர், ஒரு துண்டு இரும்புக் குழாய்."

"பதிவறைக்குள்ள கருவி ஒண்ணுதான் கொண்டுபோகலாம். மத்தது இங்க இருக்கட்டும்."

"ஒரே ஒரு ஸ்பேனரை வச்சுக்கிட்டு என்ன சார் செய்யறது?"

"அது உங்க தொழில். நான் தலையிட முடியாது."

ஆக, ஒரு ஸ்பேனரோடு குழாய்க்காரர் கீழே இறங்கினார். இரும்புக் கதவு, ஜன்னல் இல்லாத நீளமான அறை, கூரை வரை கோப்புகள். கழிவறைக் குழாய் இணைப்பில் ஒரு விரற்கடை பிரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரே மாட்டிய இணைப்பு. இழுத்துப் பிரித்த மாதிரி இருந்தது. எப்படிப் பிரிந்தது என்று யோசித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்.

பதினொன்றே காலுக்குப் பூமி நடுங்கியது. ஏழு விநாடி இருக்கும். அலமாரிகள் ஆடின, கோப்புகள் தலையில் கொட்டின, விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. குழாய்க்காரர் தலையைக் கையால் மூடிக்கொண்டு குழாயையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதே ஏழு விநாடியில், மேலே இருந்த நூற்றுப்பத்து ஊழியர்களுக்கும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்கும் ஆசை வந்தது. எல்லோரும் படியில் இறங்கித் தெருவுக்குப் போனார்கள். சிலர் செருப்பை மறந்துவிட்டார்கள், ஒருவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டார். அமைதி மண்டலத்தில் வேறு எதற்காக ஓடப்போகிறார்கள்.

தூசி அடங்கியதும் குழாய்க்காரர் கதவிடம் வந்தார். கதவின் மேல் நிலை ஒரு பக்கமாக இறங்கிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. தோளால் முட்டினார், ஸ்பேனரால் நெம்பினார். மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அதோடு நின்றுவிட்டது. அந்த மூன்று விரல் சந்தில் வாயை வைத்து, "சார்" என்று கத்தினார். தேநீர் குடிக்கப் போனவர்கள் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது.

வந்தவர் வரைபடப் பிரிவு அதிகாரி. கோட்டை வரைவதைவிட அழிப்பதில் கைதேர்ந்தவர் என்பதால் அலுவலகத்தில் அவரை அழிரப்பர் என்றுதான் சொல்வார்கள். அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாரு?"

"குழாய் ரிப்பேர் சார். நிலநடுக்கத்துல கதவு சிக்கிடுச்சு."

"எதுல?"

"நிலநடுக்கத்துல சார்."

அழிரப்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துக்குள்ள பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாது. நம்ம ஊர் என்ன நிறம்னு மேல பார்த்தீங்கல்ல?"

"பச்சை சார்."

"பச்சையில என்ன வரும்?"

குழாய்க்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்ற ஞாபகம் வந்தது. "ஒண்ணும் வராது சார்."

"அப்போ கதவு எதுல சிக்குச்சு? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு வசதியாக ஒரு படிவத்தைச் சந்து வழியே நீட்டினார். கதவு சிக்கியதற்கான காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. மழையில் உப்பியது. கறையான். துரு. கவனக்குறைவு. ஐந்தாவதாக நிலநடுக்கம் என்ற கட்டம் சிவப்பு மண்டலத்துக்கு அச்சடிக்கும் படிவத்தில் மட்டும்தான் உண்டு. மழை என்று குறித்தால் கோடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கறையான் என்றால் மருந்து அடித்து இருபத்தோரு நாள் கதவை மூடிவைக்க வேண்டும். துரு என்றால் எண்ணெய் வரும், ஆனால் எண்ணெய் வாங்குவது வேறு துறை. கவனக்குறைவு என்றால் யாருடைய கவனக்குறைவு என்று விசாரணை நடக்கும், விசாரணை முடியும்வரை சாட்சியம் கலையாமல் இருக்கக் கதவைத் தொடக் கூடாது. குழாய்க்காரர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், எதையும் குறிக்காமல், கீழே கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார். காரணம் தெரியாவிட்டாலும் கையெழுத்து இருந்தது அழிரப்பருக்குத் திருப்தியாக இருந்தது.

மதியம் குழாய்க்காரரின் மனைவி வந்தாள். இரண்டு தெரு தள்ளி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை அவளுடையது. தெருவே அவளைப் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடும். சேதி கேட்டதும் கடையை அப்படியே போட்டுவிட்டு, லாரிக்குக் கொடுக்கும் ஜாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கதவின் நிலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, உள்ள நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. தலையில ஒரு கோப்பு விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"தள்ளி நில்லுங்க. நிலை எறங்கியிருக்கு. ஜாக்கி குடுத்து ரெண்டு விரல் தூக்கினா கதவு தானா வரும். பத்து நிமிஷ வேலை."

அழிரப்பர் குறுக்கே வந்து நின்றார். அவருக்கு வியர்த்துவிட்டது. இது தன் கையில் இல்லை என்று இயக்குநரைக் கூட்டி வர ஓடினார். இயக்குநர் வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் வந்தது. கதவுச் சந்துக்கு நேராக உட்கார்ந்து, உள்ளே தெரிந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

"ஜாக்கி வச்சு நிலையைத் தூக்கினா, நிலை எறங்கியிருந்துச்சுன்னு ஆகும். எப்படி எறங்குச்சுன்னு அடுத்த கேள்வி வரும். ஒரு ஜாக்கியை வச்சுத் துறையையே தூக்கப் பார்க்கறீங்களேம்மா."

"எனக்கு உங்க துறை வேணாம் சார். என் வீட்டுக்காரர் வேணும்."

"அவர் நாட்டிலேயே பாதுகாப்பான இடத்துல இருக்கார். நாங்க சும்மா சொல்லல. நிலநடுக்கம் ஏன் சில இடத்துல அதிகமா வருது, சில இடத்துல வர்றதே இல்லைன்னு உலகம் பூரா மண்டையை உடைச்சுக்கறாங்க. நாங்க கண்டுபிடிச்சுட்டோம். பத்து வருஷப் பதிவை எடுத்துப் பார்த்தோம். நமக்கு நாடு முழுக்கப் பதினெட்டுக் கிளை இருந்துச்சு. வந்த நிலநடுக்கம் அத்தனையும் கிளை இருக்கிற ஊர்லதான் பதிவாகியிருக்கு. கிளை இல்லாத ஊர்ல ஒண்ணுகூட இல்ல. இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"கிளை இல்லாத ஊர்ல எழுதி வைக்க ஆள் இல்லைன்னு தெரியுது சார்" என்றது உள்ளேயிருந்த கண்.

இயக்குநர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெளியில இருக்கிறவங்க அப்படித்தான் நினைப்பாங்க. போன வருஷம் ஒன்பது கிளையை இழுத்து மூடினோம். நிலநடுக்கம் சரிபாதியா குறைஞ்சுடுச்சு. எனக்குக் கேடயம் குடுத்தாங்க."

"இங்க ஆட்டத்தை அளக்கறதுக்கு ஒரு கருவி இருந்துச்சே சார்?" என்று கேட்டாள் பஞ்சர் அக்கா.

"அதிர்வுமானியா? நல்ல கருவிதான். ஆனா பச்சை மண்டலத்துல இருக்கோம்கிறதை மறந்துட்டு ஆறு தடவை ஊசியை ஆட்டுச்சு. பெட்டியில வச்சுப் பூட்டினோம். அதுக்கப்புறம் ஒரு தடவை ஆட்டல. கண்டிப்பு வேணும்மா, கருவியா இருந்தாலும்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார், நாற்காலியும் போனது. ஜாக்கியைப் பார்வையாளர் உடைமை என்று காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார். பஞ்சர் அக்கா சந்து வழியே ரொட்டியை ஒவ்வொரு துண்டாகத் தட்டையாக்கி உள்ளே தள்ளினாள். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, உள்ளே குழாய் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியாட்கள் போக வேண்டும் என்று மணி அடித்தார்கள். அவள் இரண்டு விரலை உள்ளே நீட்டினாள். குழாய்க்காரர் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எழுத்தர் ஒருவர் வருகைப் பதிவேட்டோடு வந்தார். பதிவேடு தடிமன். சந்தில் நுழையாது. ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு சார்?"

"வேலை நேரத்துல பதிவறைக்குள்ள இருக்கிறவர் பதிவறைப் பொறுப்பாளர். அது விதி. பழைய பொறுப்பாளர் ஓய்வுபெற்று நாலு வருஷமாச்சு. உள்ள வந்து உட்கார யாருக்கும் மனசு வரல. நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

"நான் உட்காரல சார். மாட்டிக்கிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் ஆரம்பிச்சோம்" என்றார் எழுத்தர். முதல் தடவையாக ஒருவர் தன்னைச் சார் என்று கூப்பிட்டதில் குழாய்க்காரர் தடுமாறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அரை மணி நேரத்தில் முதல் சீட்டு வந்தது. ஒரு கோப்பு கேட்டிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் தேடி எடுத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் பதினோரு சீட்டு. இருபத்திரண்டு வருஷம் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கண்டுபிடித்த மனுஷனுக்கு அலமாரிக்குள் கோப்பைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. தடித்த கோப்பைத் தாள் தாளாகப் பிரித்து நீட்டினார். நாலு வருஷமாகக் காணாமல் போயிருந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்ததில் அலுவலகமே சுறுசுறுப்பானது. இப்படி ஒரு பொறுப்பாளர் கிடைத்ததில்லை என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். அவரை வெளியே எடுப்பதில் இருந்த கொஞ்சநஞ்ச அவசரமும் அதோடு போனது.

"வெளிய வாங்கன்னா உள்ளயே வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்றாள் பஞ்சர் அக்கா.

"நான் எங்கம்மா சேர்ந்தேன். அவங்க சேர்த்துட்டாங்க."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"நீட்டினாங்க. போட்டுட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளாய் அவளுக்கு இது பழக்கம்தான். வீட்டுக்கு வரும் விற்பனைக்காரர்கள் எல்லோரும் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள்.

மூன்றாம் நாள் காலை மறுபடி ஆடியது. இரண்டே விநாடி. ஆனால் இந்தத் தடவை பதிவறையின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விட்டது. குழாய்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தரை வரை இறங்கி, அவர் கால் பக்கமாக வந்து நின்றது. இதுவரை எரிச்சலாக இருந்தது, அலுப்பாக இருந்தது. இப்போதுதான் பயம் வந்தது. மேலே மூன்று மாடி, நூற்றுப்பத்து மேஜை, அத்தனை இரும்பு பீரோ. எல்லாம் இந்தச் சுவர் மேல் நிற்கிறது. இன்னொரு நல்ல ஆட்டம் வந்தால் கோப்போடு கோப்பாக இங்கேயே சமாதிதான் என்று தோன்றியது. மேலே தடதடவென்று எல்லோரும் தேநீர் குடிக்க ஓடும் சத்தம் கேட்டது.

வெடிப்பில் அலமாரி ஒன்று சரிந்து, அதன் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒரு பழைய கட்டு விழுந்திருந்தது. துறை ஆரம்பித்த காலத்தில் ஒரு நில அளவையாளர் எழுதிய அறிக்கை. பயத்தை மறக்க எதையாவது படிக்கலாம் என்று குழாய்க்காரர் அதைப் பிரித்தார். நல்ல வேளையாக அந்த மனுஷர் எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகள். நம் விரல் நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன. விளிம்புகள் ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்கின்றன. மாட்டிய இடத்தில் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும். தாங்க முடியாத அன்றைக்கு விடுபட்டு வழுக்கும், அப்போது நிலம் குலுங்கும். ஆகவே விளிம்புகளின் மேலும், பழைய பிளவுகளின் மேலும் இருக்கும் ஊர்கள் மற்ற ஊர்களைவிட அதிகம் நடுங்கும்.

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். குழாய் எங்கே உடையும்? நடுவில் உடையாது, இணைப்பில்தான் விடும். இதைச் சொல்ல ஒரு துறையா என்று நினைத்தார். அடியில் ஒரு வரைபடம் மடித்து வைத்திருந்தது. ஊரின் குறுக்கே ஒரு பிளவுக்கோடு நேராகப் போனது. மருந்துக்கடை முக்கு, பள்ளிக்கூட விளையாட்டு மைதானம், அவர் குடியிருக்கும் சந்து, பிறகு இந்த அலுவலகம் இருக்கும் மனை. இந்த நாலு இடத்திலும் திரும்பத் திரும்ப இணைப்பு பிரிந்து அவரைக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஸ்பேனரோடு இதே கோட்டின் மேல்தான் நடந்திருக்கிறார்.

"சார்," என்று சந்து வழியே கூப்பிட்டார். "அழிர... வரைபட அதிகாரி சார் இருந்தா வரச் சொல்லுங்க."

அழிரப்பர் வந்து வரைபடத்தைச் சந்து வழியே பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"இதை எரிச்சுட்டோம்னு நினைச்சேன்."

"கோடு இங்கதானே சார் போகுது? மேல இருக்கிற படத்துல ஏரிக்கு நடுவுல போகுதே?"

"கோடு நேரா போனா ரெண்டு வட்டத்தைத் தொடுது. கிழக்கு வட்டம், மேற்கு வட்டம். ஒரு கோட்டுக்கு ரெண்டு வட்ட அலுவலகம் எப்படிப் பொறுப்பாகும்? அதனால எல்லை ஓரமா வளைச்சு விடச் சொன்னாங்க. வளைச்சேன். அங்க குடியிருக்கிறவங்க எங்க வாசல்ல ஏன் போகுதுன்னு மனு குடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் வளைச்சேன். கடைசியில ஏரிக்குள்ள விட்டேன். மீன் மனு குடுக்காது பாருங்க." சற்று யோசித்துவிட்டுப் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். "அவ்வளவு நீளக் கோட்டை ஒரு இடத்துலகூட உடையாம வளைச்சிருக்கேன். அது சாதாரண வேலை இல்ல."

"நிலத்துக்கு அது தெரியாதே சார்?"

"எத்தனையோ தடவை எழுதிப் போட்டுட்டோம்" என்றார் அழிரப்பர்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பஞ்சர் அக்காவுக்குத்தான் யோசனை வந்தது. மூன்று நாளாக அந்த வராந்தாவில் நின்றதில் அவளுக்கும் பாதி விதி மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஏங்க, பதிவறைப் பொறுப்பாளர் முத்திரை போட்டு நகல் குடுத்தா அதை யாரும் மறுக்கக் கூடாதாமே?"

"ஆமா. இங்க சுவர்ல எழுதியிருக்கு."

"முத்திரை உள்ளதான இருக்கு?"

"மேஜையில இருக்கு."

"அப்புறம் என்ன. குத்துங்க."

குழாய்க்காரர் ஒரு தாளில் ஊரை வரைந்து, கோட்டை நேராக இழுத்தார். குழாய் போகும் வழியைச் சுவரில் குறிக்கிற கை, கோணாமல் வந்தது. சான்றிட்ட நகல் என்று எழுதி முத்திரையைக் குத்தி நீட்டினார். அவள் மாடிக்கு ஓடினாள்.

முத்திரையைப் பார்த்ததும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். துறையில் யாரும் முத்திரையை எதிர்த்துப் பேசியதில்லை. அவசரக் கூட்டம் கூடியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்.

"உண்மை எங்கேயிருந்து வந்தாலும் இந்தத் துறை ஏற்கும், முத்திரை இருந்தால். இந்த ஊர் சிவப்பு மண்டலம் ஆகிறது. உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விதிப்படி சிவப்பு மண்டலத்தில், பிளவின் மேல் நிற்கும் கட்டடத்தில் ஊழியர்கள் யாரும் இருக்கக் கூடாது. வெளியேறுவது உடனே அமல். நிலநடுக்கம் நாளை காலை பத்து மணி முதல் அமல்."

"என் வீட்டுக்காரர் கதவு?" என்றாள் பஞ்சர் அக்கா.

"கண்டிப்பா திறப்பாங்கம்மா. மீட்புக் குழுவுக்கு நானே எழுதறேன். ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி அவங்க வர முடியாது. இன்னைய தேதி வரைக்கும் இங்க மீட்கிற மாதிரி எதுவும் நடக்கலையே. அதுவரைக்கும் யாரும் உள்ள நுழையக் கூடாது. அபாயமான கட்டடம்."

ஐந்து நிமிஷத்தில் கட்டடம் காலியானது. அப்படி ஒரு வேகத்தை அந்தத் துறை அதற்கு முன் எதிலும் காட்டியதில்லை. கடைசியாகப் போன எழுத்தர் சந்து வழியே எட்டிப் பார்த்து, "பொறுப்பை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுத்தான் நீங்க போகணும் சார். ஊர் சிவப்பாயிடுச்சு, மீட்புக் குழு நாளைக்குப் பத்து மணிக்குத்தான் வரும், அதுவரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. அதனால நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார்.

குழாய்க்காரர் தனியாக நின்றார். மேலே ஒரு காலடிச் சத்தம் இல்லை. சுவர் வெடிப்பிலிருந்து மண் உதிர்வது மட்டும் கேட்டது. நிலநடுக்கம் வந்தது என்று நிரூபித்ததால்தான் தன்னை விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள் என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவரை மேலே துணைக்காவது நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்தார். பசித்தது. அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. கதவை முட்டவும் தோன்றவில்லை. நாளைக்குப் பத்து மணி என்று சொல்லியிருக்கிறார்களே என்று இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம். பஞ்சர் அக்கா.

"உள்ள வரக் கூடாதுன்னாங்களேம்மா."

"அவங்க ஆளுங்கதான் வரக் கூடாது. நான் அவங்க ஆளா? காவலாளிகிட்ட ஜாக்கியைக் கேட்டேன். நான் இன்னைக்கு இங்க இல்லவே இல்லைன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். தள்ளி நில்லுங்க."

வராந்தாவில் கிடந்த இரும்பு பெஞ்சை இழுத்துப் போட்டாள். அதன் மேல் ஜாக்கி, ஜாக்கிக்கும் மேல் நிலைக்கும் நடுவே அவருடைய பையிலிருந்து எடுத்து வந்த தடித்த இரும்புக் குழாய். நெம்புகோலை மிதிக்க மிதிக்க, நிலை முனகிக்கொண்டே ஏறியது. பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தாள். ஏழு நிமிஷத்தில் கதவு தானாக வந்து அவர் கையில் நின்றது. மூன்று நாளாக இரண்டு விரலாக இருந்தவள் முழுசாக எதிரே நிற்பதைப் பார்த்ததும் குழாய்க்காரருக்குக் கண் கலங்கியது. அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள்.

வெளியே, மொத்த அலுவலகமும் வெயிலுக்குப் பயந்து உயரமான சுற்றுச்சுவரின் நிழலில் வரிசையாக நின்றது. இயக்குநர் எழுத்தருக்கு அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். குழாய்க்காரரைப் பார்த்து அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"எழுதிக்கோ. மாலை நாலு மணிக்குக் கதவு தானாகவே திறந்துகொண்டது."

"அந்தம்மா திறந்தாங்க சார்" என்றார் எழுத்தர்.

"யாரும் நுழையக் கூடாத கட்டடத்துக்குள்ள அவங்க எப்படி நுழைஞ்சிருக்க முடியும்? தானாகன்னு எழுது." குழாய்க்காரர் பக்கம் திரும்பினார். "பொறுப்பை ஒப்படைக்காம வெளிய வந்துட்டீங்களே. நாளைக்குக் காலையில வந்து உள்ள உட்கார்ந்து ஒப்படைச்சுடுங்க."

"சரி சார்" என்றார் குழாய்க்காரர்.

பஞ்சர் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஜாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவின் நடுவுக்கு நடந்தாள். பின்னால் வருவார் என்று நினைத்தாள்.

அப்போதுதான் நடுங்கியது. முதல் நாள் போல ஏழு விநாடியில் நிற்கவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த வண்டிகள் தடுமாறின, கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்து விழுந்தன, சுற்றுச்சுவர் முன்னும் பின்னும் அசைந்தது. சுவரடியில் நின்ற நூற்றுப்பத்துப் பேரும் ஓடவில்லை. வெளியேறுவது அமலாகிவிட்டது, அவர்கள் வெளியேறியும் விட்டார்கள். நிலநடுக்கம் அமலுக்கு வர இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது எந்த உத்தரவிலும் இல்லை. எல்லோரும் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்க. சுவரு சாயுது" என்று தெருவிலிருந்து கூப்பிட்டாள் பஞ்சர் அக்கா.

குழாய்க்காரருக்குக் கேட்டது. சுவரின் உச்சியில் இரண்டு செங்கல் நழுவுவதும் தெரிந்தது. எது எந்த இடத்தில் விடும் என்பது அந்தக் கூட்டத்தில் வேறு எவரையும்விட அவருக்குத் தெரியும்.

"இரும்மா," என்றார், இயக்குநரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சார் மணி பார்க்கறார்."